நூற்றொரு பேர் கூடித் திறந்த வைஃபை

இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு வலி. உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஆணி அடிப்பதுபோல இருக்கும். எழுந்தால் அடித்த ஆணியைப் பிடுங்குவதுபோல இருக்கும். செம்பாறைக் குழியில் பதினோரு வருடம் கல் சுமந்ததற்கு உடம்பு வைத்துக்கொண்ட மிச்சம் அதுதான். ஒரு கல் முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு இருநூறு கல் லாரியில் ஏற்றுவோம். டாக்டர் என் முதுகெலும்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கல்லைத் தொட்டால் கட்டிலை விட்டு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதனால் ஒன்பது மாதம் படித்து வேறு வேலைக்கு மாறினேன். அமெரிக்காவில் ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் நோய்க்கு ஒரு எண் போடவேண்டும். எண் போட்டால்தான் காப்பீட்டுக்காரன் பணம் கொடுப்பான். வாத்து முட்டிக் காயம்பட்டவனுக்குக்கூடத் தனி எண் இருக்கிறது. மங்களூரில் ஒரு கம்பெனி என்னை மூன்று மாதச் சோதனைக்கு எடுத்தது. மூன்றாவது மாதக் கடைசியில் பரீட்சை. கேமராவுக்கு முன்னால் நான்கு மணி நேரம். நடுவில் லைன் ஒரு தடவை அறுந்தால் மன்னிப்பு உண்டு. இரண்டாம் தடவை அறுந்தால் வேலை இல்லை. எழுதும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அங்கிருந்துதான் எழுத வேண்டும்.

என் வீடு குழிக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போனில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கும். ஆகவே கல்லுமுக்கு நகரசபை ஜனகீயப் பணிமையத்தைப் பதிவு செய்தேன். மீன் சந்தைக் கட்டிடத்தின் மேல்மாடியில் அந்த மையம். வீட்டில் வசதி இல்லாதவர்கள் வந்து, மாதச் சந்தா கட்டி, மேசை நாற்காலி வைஃபையோடு வேலை பார்க்கலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது. வைஃபையும் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள்.

நான் சேர்ந்த அன்று அதைப் போய்ப் பார்த்தேன். சுவரில் ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரண்டு கொம்பு முளைத்த வெள்ளை டப்பா. பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்து மேசை ரம்சீனா டீச்சர். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். லைன் வந்து நாற்பது நாள் ஆயிற்று, இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை, அதனால் தொடக்கூடாது என்று அவள்தான் சொன்னாள். அப்போ எல்லாரும் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். விரலை மேலே காட்டினாள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்து பேர் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மட்டும் போன் சிக்னல் கொஞ்சம் எட்டும். ஐஸ் லாரி வந்து நின்றால் அதுவும் போய்விடும். ஆறாவது பெட்டி எனக்கு. மத்தி வாசனை அடிக்கும் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து நான் அமெரிக்கர்களின் இடுப்பு வலிக்கு எண் போட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மையத்தின் தலைவரைப் பார்க்கப் போனேன். தாமோதரன் மாஷ், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஊரில் அவர் தலைவராக இல்லாத அமைப்பு மகளிர் சங்கம் ஒன்றுதான், அதற்கும் ஆலோசகர். பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். வைஃபையைச் சும்மா போட்டுவிடக்கூடாதா மாஷே, இருபத்துமூன்றாம் தேதி எனக்குப் பரீட்சை, என்று கேட்டேன்.

“மோனே, லைன் வர்றது வேற, வைஃபை வர்றது வேற,” என்றார் மாஷ். “லைனைக் கம்பெனிக்காரன் கொண்டுவருவான். வைஃபையை ஜனங்கதான் கொண்டுவரணும். நாளைக்கு உன் பிள்ளை, இதை யார் திறந்துவச்சாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? தானா எரிஞ்சுதுன்னா?”

எனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னேன். அது தற்காலிகப் பிரச்சினை என்றார்.

கவலைப்பட வேண்டாம், பதினாறாம் தேதி மந்திரி வருகிறார், உன் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வைஃபை ஓடும் என்றார். அதற்கு முன் வரவேற்புக் குழு அமைக்கும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, நீயும் வா, பயனாளிகள் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்றார். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு மந்திரியைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் நூற்றொரு பேர் கொண்ட வரவேற்புக் குழு அமைப்பார்கள். நூறு என்றால் கணக்கு முடிந்துவிட்டதுபோல இருக்கும், ஆகவே நூற்றொன்று. தலைவர், துணைத் தலைவர்கள் பதினெட்டு, அமைப்பாளர், இணை அமைப்பாளர்கள் பன்னிரண்டு, அப்புறம் உறுப்பினர்கள். ஆளும் முன்னணியும் எதிர் முன்னணியும் சட்டசபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள், வரவேற்புக் குழுவில் பந்தியில் இலை போட்டதுபோல மாறி மாறி உட்காருவார்கள். என்னை இணை அமைப்பாளர் ஆக்கினார்கள். நான் வேண்டாம் என்று எழுந்தபோது, எழுந்து ஒப்புக்கொண்டதாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள்.

கல்குழியில் இருபது ஆளுக்கு ஒரு மேஸ்திரி. அவனையே அதிகம் என்று முதலாளி சொல்லுவான். இங்கே வேலை பார்க்கிறவர்கள் ஆறு பேர், அவர்களுக்கு வைஃபை திறக்க நூற்றொரு பேர்.

துணைக்குழுக்கள் போட்டார்கள். உணவு, மேடை, ஊர்வலம், விளம்பரம், போக்குவரத்து, தாகசாந்தி. வைஃபைக்கென்று ஒரு துணைக்குழு வேண்டாமா என்று ரம்சீனா டீச்சர் கேட்டாள். மாஷ் சிரித்து, அது எந்த இனத்தில் வரும் என்று தெரியவில்லை, மேடைக்கும் ஒலிபெருக்கிக்குமான குழுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

கடவுச்சொல்லுக்கு மட்டும் தனிக்குழு கேட்டு வாங்கினார்கள். அது அரசியல் விஷயம். ஆளும் முன்னணி ஒரு சொல் கொடுத்தது. எதிர் முன்னணி அதற்கு எதிராக ஒரு சொல் கொடுத்தது. வியாபாரிகள் சங்கம், மீன் தொழிலாளர் சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிவாசல் கமிட்டி, வாசகசாலை எல்லாரும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். யாரையும் விடமுடியாது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார்கள். அறுபத்தொரு எழுத்து வந்தது. அதை உறையில் போட்டு ஒட்டி, மந்திரி மேடையில் பிரிப்பதற்காக நகரசபைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு முன்னணிக்கும் ஆளுக்கொரு சாவி.

பன்னிரண்டாம் தேதி தகவல் வந்தது. பதினாறாம் தேதி மந்திரிக்கு வேறு ஊரில் ஒரு பேருந்து நிழற்குடை திறப்பு. நம் விழா இருபத்துமூன்றுக்குத் தள்ளிப்போய்விட்டது.

இருபத்துமூன்று. காலை பத்து மணி விழா, பத்தரை மணி என் பரீட்சை. மங்களூருக்குப் போன் போட்டு நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை, இயந்திரம்தான் சொன்னது. வேலை போனால் மறுபடி குழிதான். குழிக்குப் போனால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அப்புறம் கட்டில்.

விழா அன்று காலையிலேயே நாடாவை வெட்டிவிட்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் இருபத்தொன்றாம் தேதி முடிவு கட்டினார்கள்.

அன்று கல்வெட்டுப் பலகை வந்தது. மூன்றடிக்கு நாலடி வெள்ளைப் பளிங்கு. மந்திரி பெயர் உள்ளங்கை அளவில், மற்ற முப்பது பேர் படிப்படியாகக் குறைந்து கடைசியில் எறும்பு அளவில். கல் விஷயம் தெரிந்த ஆள் நீதான் என்று மாஷ் என்னைக் கூப்பிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று பேரோடு மாடிக்குத் தூக்கிப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு நேர் கீழே மாட்டினால்தான் நாடா வெட்டும் போட்டோவில் பலகையும் விழும் என்று விளம்பரத் துணைக்குழு முடிவு செய்திருந்தது. நான் பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். நகரசபைக் கொத்தனார் துளைபோடும் மெஷினை வைத்தார். மூன்று துளை ஒழுங்காக விழுந்தது. நாலாவது துளையில் உள்ளே ஏதோ ஒன்று நறுக்கென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். டப்பாவில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

சுவருக்குள் போகும் கேபிளைத் துளைத்துவிட்டார்கள். துளைத்தபோது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

ஓடிப்போய் மாஷிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். கூடவே ஆளும் முன்னணிக் கவுன்சிலரும் எதிர் முன்னணிக் கவுன்சிலரும் வந்தார்கள். சிவப்பு எரிவதைப் பார்த்து முதலாமவருக்கு முகம் மலர்ந்தது, எங்கள் கொடி நிறம் இயற்கையாகவே வந்திருக்கிறது என்றார். இரண்டாமவர் இது திட்டமிட்ட சதி, பொது இடத்து விளக்கில் கட்சி நிறம் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. கேபிள் அறுந்ததைப் பற்றி நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாஷ் என்னைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனார். பலகையைக் கழற்றி, சுவரை உடைத்து, வேறு கேபிள் இழுக்க அரை நாள் போதும் மாஷே என்றேன்.

“ஷினோஜே, நீ படிச்ச பையன், யோசிச்சுப் பேசணும்,” என்றார். “மந்திரி பேர் போட்ட பலகை. மாட்டியாச்சு. விழாவுக்கு முன்னால கழட்டினா அவமரியாதை. விழாவுக்குப் பின்னால கழட்டினா சரித்திரத்தை அழிச்ச மாதிரி. வைஃபை இல்லாம திறப்பு விழா நடத்திரலாம், எத்தனையோ நடத்தியிருக்கோம். பலகை இல்லாம நடத்த முடியுமா, சொல்லு?”

முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவரின் கேள்விகளுக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பதில் இருந்ததில்லை.

மொட்டைமாடிக்குப் போய் ரம்சீனா டீச்சரிடம் சொன்னேன். விழா அன்று சந்தை முழுக்க ஆயிரம் பேர் போனோடு நிற்பார்கள், மாடி சிக்னலும் படுத்துவிடும் என்று அவளே கணக்குப் போட்டாள். ஏற்றும்போது விழாத கல் இறக்கும்போது காலில் விழும் என்று குழியில் சொல்வோம், அதுபோல ஆகிவிட்டது என்றேன். அவள் கீழே சந்தை முற்றத்தை எட்டிப் பார்த்தாள். மேடை போட மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஆள் மின்கம்பத்தில் ஏணி சாய்த்து, கறுப்புக் கேபிள் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஜோபின். உள்ளூர் கேபிள் சேனல்காரன். விழாவை நேரலையில் காட்டுவதற்காகத் தன் அலுவலகத்திலிருந்து மேடைக்குப் பின்னால் வரைக்கும் தனி லைன் கொண்டுவந்தான். அதைத் திறந்துவைக்க யாரையும் கூப்பிடவில்லை. கேபிளின் நுனியை டப்பாவில் சொருகினான், ஓடியது.

நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப்போய் அவனிடம் கேட்டோம். தாராளமாக எடுத்துக்கோ என்றான். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னான். விழா அன்று மாலை அவனுக்கு இரிட்டிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது.

“நோட்டீஸ்ல கடைசியா நன்றியுரைன்னு போட்டிருக்கு. நன்றி சொல்லி முடிச்ச மறு நிமிஷம் கேபிளைச் சுருட்டிருவேன்,” என்றான். “அதுக்கு முன்னால சுருட்டினா நகரசபை காசு தராது. அதுக்குப் பின்னால இருந்தா கல்யாண வீடு காசு தராது. ரெண்டுக்கும் நடுவுல உன் பரீட்சையை வச்சுக்கோ.”

எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். மந்திரி போனதும் கூட்டம் கலைந்துவிடும், வாழ்த்துரைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி இறங்குவார்கள், ஒரு மணிக்குள் முடிந்துவிடும் என்றான். என் பரீட்சை இரண்டரை மணிக்கு முடிகிறது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, அரசியல்வாதிகள் நீளமாகப் பேச வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டாத சாமி இல்லை.

இருபத்துமூன்று காலை மேடைக்குப் பின்னால், துணித் தடுப்புக்கு உள்ளே, ஜோபினின் மேசையில் ஒரு ஓரம் எனக்குக் கிடைத்தது. சந்தை முற்றமும் பணிமையத்தின் விலாசம்தான், அதனால் பதிவு செய்த இடம் மாறவில்லை. பத்தரைக்குப் பரீட்சை தொடங்கியது. ஒரு பக்கம் கேள்வி ஓடியது, இன்னொரு பக்கம் செண்டை மேளம். மங்களூரிலிருந்து கண்காணிக்கும் பெண் திரையில் வந்து, பின்னால் யாரோ பேசுகிறார்களே, உங்களுக்கு விடை சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

“இங்க பேசறவங்க யாருக்கும் விடை தெரியாது மேடம்,” என்றேன். அவள் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டாள். அப்புறம் சரி, எழுதுங்கள் என்றாள்.

பத்து மணிக்கு வர வேண்டிய மந்திரி பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். அதற்கு முன் அவருக்காக இவ்வளவு நன்றியோடு காத்திருந்தவன் ஊரில் எவனும் இருந்திருக்கமாட்டான். மேலே போய் நாடாவை வெட்டினார், உறையைப் பிரித்து அறுபத்தொரு எழுத்துக் கடவுச்சொல்லைப் பார்த்துவிட்டு மறுபடி உறைக்குள் போட்டார், சிவப்பு விளக்குக்குக் கைதட்டினார்கள். கீழே வந்து பேசினார். துணிக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

“இந்த மாதம் மட்டும் முப்பத்துநாலு திட்டங்களை நான் திறந்துவச்சிருக்கேன்,” என்றார் மந்திரி. “எதிர்த்தரப்பு நண்பர்கள் கேக்கறாங்க, இதுல எத்தனை ஓடுதுன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்கறேன். ஓடாத திட்டத்தைத் திறக்கறதுக்கு எவ்வளவு மனத்துணிவு வேணும்? ஓடற திட்டத்தை யார் வேணும்னாலும் திறக்கலாம்.”

கைதட்டல் எழுந்தது. எதிர் முன்னணிக்காரர்களும் தட்டினார்கள். அவர்களுடைய காலத்தில் திறந்தவையும் ஓடவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மந்திரி கிளம்பினார். கார்களின் சைரன் சத்தம் தேய்ந்தபோது மீதியை எண்ணிப் பார்த்தேன். எண்பது கேள்விகள் பாக்கி. ஜோபின் மணியைப் பார்த்து, கேபிள் சுருட்டும் சக்கரத்தைக் காலால் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் ரம்சீனா டீச்சர் வேலையைத் தொடங்கினாள். அவள் முதலில் போனது உணவுத் துணைக்குழுவிடம். மந்திரி வீட்டிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், நன்றியுரை முடியாமல் பிரியாணி வெந்த பெரிய செம்பு அண்டாவைத் திறந்தால் நேரலையில் கல்ஃப்காரர்கள் பார்த்து ஊரைக் கேவலமாகப் பேசுவார்கள் என்று அடித்துவிட்டாள். செம்பின் மேல் இரண்டு ஆளைக் காவல் போட்டார்கள். கூட்டம் எங்கேயும் போகவில்லை, வாசனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்து வாழ்த்துரைக்காரர்கள். பதினாலு பேர். முதல் ஆள் இரண்டு நிமிடத்தில் இறங்கினார். இரண்டாமவர் எதிர் முன்னணிக் கவுன்சிலர். அவர் மேடையேறும் படியில் நின்று, முந்தினவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்களாம், உங்களுக்கு ரெண்டுதானாமே, மாஷ் சொன்னார் என்று காதில் போட்டாள். அவர் ஆறு நிமிடம் பேசினார். அதைக் கேட்ட ஆளும் முன்னணிக்காரர் ஏழு. வியாபாரிகள் சங்கம் வைஃபையின் வரலாற்றை வாஸ்கோ ட காமாவிலிருந்து தொடங்கியது. துணிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு இருதயநோய், இரண்டு சர்க்கரை, ஏணியிலிருந்து விழுந்த ஒரு ஆள் என்று எண் போட்டுக்கொண்டே போனேன்.

ஆனாலும் பசி பசிதானே. பத்தாவது ஆளுக்கு மேல் யாருக்கும் மூச்சு இல்லை. ஒன்று நாற்பத்துமூன்றுக்கு வாழ்த்துரை முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் நாற்பத்தேழு நிமிடம் வேண்டும்.

“அடுத்தபடியாக நன்றியுரை,” என்றார் மாஷ் ஒலிபெருக்கியில். “இணை அமைப்பாளர் ஷினோஜ்.”

நோட்டீசில் பெயர் போடவில்லை, நன்றி சொல்லப்போவது நான்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜோபின் என்னைப் பார்த்தான். நான் கேமராவைப் பார்த்தேன். எழுந்தால் பரீட்சை போச்சு. எழாவிட்டால் நன்றியுரை ரத்து, லைன் போச்சு. மாஷ் இரண்டாம் தடவை என் பெயரைக் கூப்பிட்டார். துணித் தடுப்பு விலகி ரம்சீனா டீச்சர் தலையை நீட்டினாள்.

“எவ்வளவு வேணும்?”

“நாப்பத்தேழு,” என்றேன், உதட்டை அசைக்காமல்.

அவள் உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த வரவேற்புக் குழுப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். ஷினோஜுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அவர் சார்பில் நான் என்று தொடங்கினாள்.

வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். வர நினைத்து வரமுடியாதவர்களுக்கு நன்றி சொன்னாள். ஒரு நாள் கடையடைத்த மீன்காரர்களுக்கு, அதனால் அன்று பிழைத்த மீன்களுக்கு, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு, உட்கார்ந்து அதைச் சூடாக்கியவர்களுக்கு. அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது, அப்புறம் ஒரு முணுமுணுப்பு. போதும் டீச்சரே, செம்பைத் திறங்க என்று யாரோ கத்தினார்கள். அப்போது அவள் பட்டியலைப் பிரித்தாள். வரவேற்புக் குழுவின் நூற்றொரு உறுப்பினர்களுக்கும் வீட்டுப் பெயர் சொல்லித் தனித்தனியாக நன்றி தெரிவிக்க வேண்டியது என் கடமை என்றாள்.

முணுமுணுப்பு நின்றது. நூற்றொரு பேரும், அவர்களுடைய மனைவி மக்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தன் பெயர் வருவதற்கு முன் எவன் எழுந்து போவான்? பெயர் வந்த பிறகும் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் பெயரோடு இன்னும் ஏதாவது சேர்த்துச் சொல்கிறாளா என்று கேட்க இருந்தார்கள். அவள் சேர்த்துச் சொன்னாள். ஒருவருக்குச் சமூக சேவகர் என்றாள், அடுத்தவருக்கு அதைவிட ஒரு படி மேலே. மாஷ் சுருக்கவும் என்று துண்டுச்சீட்டு அனுப்பினார். அதை ஒலிபெருக்கியில் படித்துக் காட்டி, நேரத்தை நினைவூட்டிய மாஷுக்கு நன்றி என்றாள். இரண்டாம் சீட்டு வரவில்லை. அவர் பெயர் பட்டியலில் நூற்றொன்றாவதாக இருந்தது.

எழுபதாவது பெயருக்கு மேல் அவள் குரல் உடைந்தது. தொண்ணூறில் குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது. நான் கடைசிக் கேள்விக்கு எண் போட்டுப் பொத்தானை அமுக்கியபோது மேடையில் தாமோதரன் மாஷின் வீட்டுப் பெயர் கேட்டது. இரண்டு மணி இருபத்தொன்பது. ஜோபின் சக்கரத்தில் கேபிளைச் சுற்றத் தொடங்கினான். பிரியாணிச் செம்பைத் திறந்த ஆவி மேடை வரைக்கும் வந்தது.

நான்கு நாள் கழித்து மங்களூரிலிருந்து வேலை உறுதி என்று கடிதம் வந்தது.

ரம்சீனா டீச்சருக்கு அன்று மாலை இரண்டு வகுப்பு இருந்தது. குரல் இல்லாததால் எடுக்கவில்லை. அபுதாபிப் பிள்ளை ஒன்று நின்றுவிட்டது. ஊரில் அவளுக்கு நன்றி டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. மீன் வாங்கப் போனாலும் பாக்கிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு ஒரு நன்றி கேட்கிறார்கள். நான் இனிப்பு வாங்கிப்போனேன், வேண்டாம் என்றாள். நல்ல நெய்மீனாக இரண்டு கிலோ வாங்கிப்போனேன், அதையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சிவப்பு விளக்கைப் பற்றி ஆறு பேரும் சேர்ந்து மனு கொடுத்தோம். தொடர்புத் தடை ஆய்வுக் குழு என்று பதினேழு பேர் வந்து, பலகையைத் தொடாமல் வேறு சுவர் வழியாகப் புது லைன் இழுக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். போன வாரம் இழுத்தார்கள். பச்சை விளக்கு எரிகிறது. புது லைன் என்றால் புதுத் திட்டம். நாடா கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பதினாலாம் தேதி திறப்பு விழா, வேறொரு மந்திரி. வரவேற்புக் குழுவும் அமைத்தாயிற்று. ஜோபின் ஏற்கெனவே கம்பம் பார்க்க வந்துவிட்டுப் போனான்.

நேற்று மொட்டைமாடியில் ரம்சீனா டீச்சர் தன் போனை என்னிடம் நீட்டினாள். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடம் அவளை நிரந்தர வேலைக்குப் பார்க்கிறது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். தேதி பதினாலு, நேரம் ஒன்றே முக்கால்.

“மேடையில நீங்கதான்,” என்றாள். “ஒரு நிமிஷம் குறையக்கூடாது.”

நான் இன்றுவரை நாலு பேருக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை பேசியவன் இல்லை. என்றாலும் கணக்கு தெளிவானது. ரம்சீனா டீச்சருக்கு நாற்பத்தேழு நிமிடப் பேச்சு நான் கடன்பட்டிருக்கிறேன்.